ஒரே சர்வருக்குள் பல சர்வர்கள்: ஹோஸ்ட் இயங்குதளத்தைப் புரிந்துகொண்டு அமைக்க ஒரு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் ஒரு தோல் நிறுவனத்திலோ, பரிசோதனைக் கூடத்திலோ, பள்ளியிலோ கணினிப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய இடங்களில் கணக்குக்கு ஒரு பழைய சர்வர், வருகைப் பதிவுக்கு ஒரு மேசைக் கணினி, கோப்புகளுக்கு இன்னொன்று என நான்கைந்து இயந்திரங்கள் ஓர் அறையில் சூடேறிக்கொண்டிருக்கும். அவற்றையெல்லாம் ஒரே புதிய சர்வரில் மெய்நிகர்க் கணினிகளாக ஏற்றிவிடலாம் என்று விற்பனையாளர் சொல்வார். அது நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சர்வரின் அடியில் ஓடும் ஹோஸ்ட் இயங்குதளம் என்ன வேலை செய்கிறது, அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன் யாரும் விளக்குவதில்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல்பொருள் நிறுவனத்துக்காக இந்த மாற்றத்தைச் செய்தபோது, விலைப்புள்ளி கொடுத்தவர் உரிமக் கணக்கில் பாதியை விட்டுவிட்டார். நிறுவ வந்தவர் ஹோஸ்டின் கடவுச்சொல்லை எழுதிக்கூடத் தராமல் கிளம்பிவிட்டார். மீதியை ஒவ்வொன்றாகத் தேடித்தான் முடிக்க வேண்டியிருந்தது. நீங்கள் அந்த அலைச்சலின்றி முடிக்க வேண்டும் என்பதற்காகவே, எந்த வரிசையில் செய்தால் சிக்கல் குறையுமோ அதே வரிசையில் தருகிறேன்.

1. ஹோஸ்ட் செய்யும் வேலையை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

மெய்நிகராக்கத்தில் இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஹைப்பர்வைசர், செயலியையும் நினைவகத்தையும் பல கெஸ்டுகளுக்கு, அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர்க் கணினிகளுக்கு, பிரித்துத் தருவது அதன் பணி. மற்றொன்று ஹோஸ்ட் இயங்குதளம். வட்டு, வலையமைப்பு அட்டை, பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு கன்ட்ரோலர் ஆகிய உண்மையான கருவிகளின் டிரைவர்களை வைத்துக்கொண்டு, கெஸ்டுகளை உருவாக்குவது, தொடங்குவது, நிறுத்துவது ஆகிய நிர்வாகத்தைப் பார்ப்பது. ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி எனப்படும் ஊர்ப் பணியாளர் மதகைத் திறந்து ஒவ்வொரு வயலுக்கும் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் போன்றது இந்த வேலை. எந்த வயலில் என்ன பயிர் என்பதில் அவர் தலையிடுவதில்லை, ஆனால் அவர் ஒருநாள் வராவிட்டால் எல்லா வயலும் காயும்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். வின்டோஸ் சர்வரில் ஹைப்பர்-வி என்ற மெய்நிகராக்க வசதியைச் சேர்த்து மறுதொடக்கம் செய்தவுடன், ஏற்கெனவே நிறுவியிருந்த வின்டோஸுக்கும் கீழே ஹைப்பர்வைசர் சென்று அமர்ந்துகொள்கிறது. அதன்பின் நீங்கள் திரையில் காணும் வின்டோஸ், கூடுதல் அதிகாரம் பெற்ற ஒரு பகுதியாக, அந்த ஹைப்பர்வைசரின் மேல்தான் ஓடுகிறது. புதியவர்கள் பெரிதும் குழம்பும் இடம் இது: கெஸ்டுகள் எல்லாம் திணறிக்கொண்டிருக்கும்போதும் ஹோஸ்டின் டாஸ்க் மேனேஜரில் செயலிப் பயன்பாடு நான்கைந்து விழுக்காடு என்றே காட்டும், ஏனென்றால் அது ஹோஸ்ட் பகுதியின் பயன்பாட்டை மட்டுமே கணக்கிடுகிறது. உண்மையான சுமையைப் பார்க்க பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து, ஹைப்பர்-வி ஹைப்பர்வைசர் லாஜிக்கல் ப்ராசசர் என்ற பிரிவின் அளவீடுகளைச் சேர்க்க வேண்டும்.

லினக்ஸின் ஹைப்பர்வைசரான கே.வி.எம். வேறு வகை. அது 2007இல் வெளியான 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையமான கெர்னலின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. இங்கே ஒவ்வொரு கெஸ்டும் ஹோஸ்டின் பார்வையில் ஒரு சாதாரண ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். கெஸ்டுக்குத் தந்த ஒவ்வொரு மெய்நிகர்ச் செயலியும் அதற்குள் தனியாக ஓடும் ஓர் இழை, அதாவது திரெட். ஆகவே ஹோஸ்டில் டாப் கட்டளையை ஓடவிட்டால் எந்தக் கெஸ்ட் எவ்வளவு இழுக்கிறது என்பது நேராகத் தெரியும். நான்கு மெய்நிகர்ச் செயலிகள் கொண்ட கெஸ்ட் முழு வேகத்தில் ஓடினால் அதன் வரிசையில் 400 விழுக்காடு என்று காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம், நான்கு கோர்கள் முழுமையாக உழைக்கின்றன என்பதே அதன் பொருள்.

வட்டின் பாதையையும் மனத்தில் இருத்துங்கள். கெஸ்டுக்குள் கணக்கர் ஒரு பில்லைச் சேமித்தால், அது கெஸ்டின் மெய்நிகர் வட்டுக்குப் போய், அங்கிருந்து ஹோஸ்டுக்கு வந்து, பெரும்பாலும் ஹோஸ்டின் வட்டிலுள்ள ஒரு பெரிய கோப்பின் உள்ளே எழுதப்படுகிறது. எல்லாக் கெஸ்டுகளும் ஒரே வட்டுத் தொகுதியைத்தான் பங்கிடுகின்றன. பகல் பதினொரு மணிக்குக் கணக்கு மென்பொருள் உறைந்து நிற்கிறதென்றால், காரணம் கணக்குக் கெஸ்டில் இல்லாமல், அதே நேரத்தில் கோப்புக் கெஸ்டில் ஓடும் வைரஸ் சோதனையாக இருக்கலாம். கெஸ்டுக்குள் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. ஹோஸ்டிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

பழகிப் பார்க்க உங்கள் மேசைக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருள் போதும். அலுவலகச் சர்வருக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

2. இருக்கும் இயந்திரங்களின் கணக்கை எடுத்து எழுதுங்கள்

ஒவ்வொரு பழைய இயந்திரத்துக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். அதன் பெயர், ஐ.பி. முகவரி, இயங்குதளமும் பதிப்பும், உண்மையில் நிரம்பியிருக்கும் வட்டு அளவு, உச்ச நேரத்தில் எடுக்கும் நினைவகம், அதில் ஓடும் மென்பொருள்கள், அவற்றின் உரிம எண்கள், செருகியிருக்கும் யூ.எஸ்.பி. கருவிகள் ஆகியவற்றைக் குறியுங்கள். உச்ச நேரத்தை ஒரு சாதாரண நாளில் அளக்காதீர்கள். மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனமானால் ஜி.எஸ்.டி.ஆர்.-1 பதினொன்றாம் தேதிக்குள்ளும், 3பி இருபதாம் தேதிக்குள்ளும் போக வேண்டும். சம்பளக் கணக்கு மாத இறுதியில் வரும். இந்த நாள்களை உள்ளடக்கி ஒரு மாதம் முழுவதும் அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும்.

இந்தத் தாளை எழுதும்போதே நான்கு சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும். முதலாவது, பழைய கணினியோடு வந்த ஓ.இ.எம். வின்டோஸ் உரிமம் அந்த இயந்திரத்தோடு கட்டுப்பட்டது. அதை மெய்நிகர்க் கணினிக்கு மாற்ற முடியாது. இரண்டாவது, டேலி போன்ற மென்பொருள்கள் இயந்திரத்தின் அடையாளத்தைக் கொண்டு உரிமத்தைச் சரிபார்க்கின்றன. மாற்றுவதற்கு முன் பழைய இயந்திரத்தில் உரிமத்தைச் சரண்டர் செய்து, புதியதில் மீண்டும் செயல்படுத்த வேண்டும். அதற்கான மின்னஞ்சல் முகவரி முன்பு வேலையை விட்டுப்போன ஒருவருடையதாக இருந்தால், அதை மாற்றும் பணியை இன்றே தொடங்குங்கள். மூன்றாவது, ஏற்றுமதி ஆவணங்களுக்கும் வரித் தாக்கலுக்கும் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்: ஹைப்பர்-வி ஹோஸ்டில் செருகிய யூ.எஸ்.பி. டோக்கனைக் கெஸ்டுக்கு நேரடியாகக் கொடுக்க வசதியில்லை, கே.வி.எம்.மில் கொடுக்கலாம். என் பரிந்துரை, டோக்கனைச் சர்வரில் வைக்காமல், கையொப்பமிடுபவரின் மேசைக் கணினியிலேயே வைத்துக்கொள்வது. நான்காவது, வின்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குரிய ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள். அத்தகைய இயங்குதளத்தை அப்படியே கெஸ்டாக மாற்றினால் இரும்பு மட்டும்தான் புதிதாகும்.

கண்காணிப்புக் கேமராப் பதிவை இந்தச் சர்வருக்குள் கொண்டுவராதீர்கள். இரவு பகலாக வட்டில் எழுதிக்கொண்டேயிருக்கும் ஒரு வேலையை மற்றவற்றோடு சேர்த்தால், மற்ற எல்லாக் கெஸ்டுகளும் அதற்கு வழிவிட்டு நிற்கும்.

3. எந்த ஹோஸ்ட் என்பதை உரிமச் செலவைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்

நம் வட்டாரத்தில் நடைமுறையில் கிடைக்கும் தேர்வுகள் மூன்று: வின்டோஸ் சர்வரின் ஹைப்பர்-வி, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு கே.வி.எம்.மைப் பயன்படுத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ், வி.எம்.வேரின் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. வி.எம்.வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பின், ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்கள் நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்துவிட்டது. சிறு நிறுவனத்துக்கு இப்போது அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வின்டோஸ் சர்வர் உரிமம் சர்வரிலுள்ள செயலி கோர்களின் எண்ணிக்கையைக் கொண்டது. குறைந்தது 16 கோர்களுக்கு வாங்கியே ஆக வேண்டும். ஸ்டாண்டர்ட் பதிப்பில் எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை உரிமம் வாங்கினால் இரண்டு வின்டோஸ் கெஸ்டுகளை ஓட்டலாம். அடியிலுள்ள ஹோஸ்ட் வின்டோஸுக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஹோஸ்ட் கெஸ்டுகளை நிர்வகிக்கும் வேலையை மட்டுமே செய்ய வேண்டும். அதில் கோப்புப் பகிர்வையோ கணக்கு மென்பொருளையோ வைத்தால் இரண்டு கெஸ்டுகளில் ஒன்றை இழப்பீர்கள். நான்கு வின்டோஸ் கெஸ்டுகள் வேண்டுமானால் எல்லாக் கோர்களுக்கும் இரண்டாம் முறை உரிமம் வாங்க வேண்டும். கெஸ்டுகளுக்கு வரம்பில்லாத டேட்டாசென்டர் பதிப்பின் பட்டியல் விலை ஸ்டாண்டர்டைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆகவே பத்துப் பன்னிரண்டு கெஸ்டுகளுக்குக் கீழே அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. விற்பனையாளர் பெருமையாகக் காட்டும் 24, 32 கோர் செயலிகள் உரிமச் செலவையும் அதே விகிதத்தில் ஏற்றுகின்றன என்பதை இங்கே கவனியுங்கள். நான்கைந்து கெஸ்டுகளுக்கு, கோர் எண்ணிக்கை 16க்குள் அடங்கி வேகம் கூடிய ஒரே செயலி போதுமானது.

இதற்கு மேல், சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கணினிக்கும் சி.ஏ.எல். எனப்படும் அணுகல் உரிமம் தனியாக வேண்டும். ஷிப்டு முறையில் மூவர் ஒரே கணினியில் உட்காரும் தொழிற்சாலையில், ஆளுக்கு ஒன்று வாங்குவதைவிடக் கணினிக்கு ஒன்று வாங்குவது மலிவு. கணக்கு மென்பொருளை ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பலர் திறப்பதானால் அதற்கான ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். மேலும் தனி. இதைப் பல விலைப்புள்ளிகளில் விட்டுவிடுகிறார்கள். 120 நாள் சலுகைக் காலம் இருப்பதால் முதலில் எல்லாம் ஓடும், நான்கு மாதம் கழித்துத் திடீரென்று யாரும் உள்ளே நுழைய முடியாது.

ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் இலவசம். கட்டணம் என்பது ஆதரவுக்கும் நிறுவனத்தரப் புதுப்பிப்புகளுக்குமான ஆண்டுச் சந்தா மட்டுமே, அதுவும் செயலி சாக்கெட் ஒன்றுக்கு. சந்தா இல்லாமல் நிறுவினால் ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஓர் அறிவிப்பு வரும். புதுப்பிக்க முயன்றால் பிழை காட்டும். அமைப்பில் நிறுவனக் களஞ்சியத்தை முடக்கி, சந்தா இல்லாதோருக்கான களஞ்சியத்தைச் சேர்த்தால் பிழை நீங்கும். இதில் ஒரு பொறி உண்டு: ஹோஸ்ட் லினக்ஸ் என்பதால் வின்டோஸ் உரிமம் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஓடும் வின்டோஸ் கெஸ்டுகளுக்கு மேலே சொன்ன அதே கோர் கணக்குதான் பொருந்தும்.

லினக்ஸில் கைப்பழக்கமுள்ள ஒருவர் நிறுவனத்திலேயே இருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸ், இல்லையென்றால் ஹைப்பர்-வி என்பது என் கருத்து. ஞாயிற்றுக்கிழமை இரவு பழுதானால் அதைச் சரிசெய்யப் போவது யார் என்பதைப் பொறுத்தே ஹோஸ்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. விலைப்புள்ளி வாங்குதல்

நினைவகத்தைக் கூட்டிப் பாருங்கள். கணக்குக்கு 16 ஜி.பி., கோப்புகளுக்கு 8, வருகைப் பதிவுக்கு 8, பயனர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலருக்கு 4 என்றால் 36. ஹோஸ்டுக்கென்று 8 ஒதுக்கினால் 44. ஆகவே 64 ஜி.பி. வாங்குங்கள். ஹோஸ்டை நிறுவ இரண்டு சிறிய எஸ்.எஸ்.டி.களை ஒன்றுக்கொன்று பிரதியாக வைத்து, கெஸ்டுகளுக்கு வேறு தொகுதி அமைப்பது நல்லது. ஹோஸ்டை மீண்டும் நிறுவ நேர்ந்தாலும் கெஸ்டுகளின் வட்டுகளைத் தொட வேண்டியிராது. ப்ராக்ஸ்மாக்ஸில் வட்டுகளைத் தானே நிர்வகிக்கும் இசட்.எஃப்.எஸ். கோப்பு முறையைப் பயன்படுத்துவதானால் ரெய்டு கார்டு வேண்டாம், வட்டுகளை நேரடியாகக் காட்டும் எச்.பி.ஏ. போதும் என்று விலைப்புள்ளி கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஐடிராக், ஐலோ எனப்படும் தொலைநிர்வாக வசதிக்கான முழு உரிமத்தைத் தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள். ஹோஸ்ட் உறைந்துபோனால், காட்பாடியிலுள்ள உங்கள் வீட்டிலிருந்தே அதன் திரையைப் பார்த்து மறுதொடக்கம் செய்ய உதவுவது அதுதான். அடிப்படை உரிமத்தில் பெரும்பாலும் திரை கிடைக்காது.

உத்தரவாதம் மூன்றாண்டா, ஐந்தாண்டா என்பதோடு, உங்கள் பின்கோடுக்கு நேரில் வந்து பார்க்கும் சேவை உண்டா என்றும் எழுத்தில் கேளுங்கள். உதிரிபாகம் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தால், அடுத்த வேலைநாள் என்ற சொல் நடைமுறையில் எத்தனை மணிநேரம் என்பதையும் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய சர்வர்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பழகுவதற்கு அவை நன்று, நிறுவனத்தின் கணக்கு முழுவதையும் ஏற்றுவதற்கு அல்ல.

ஆவணங்களில் கவனிக்க வேண்டியவை இவை. வன்பொருள், உரிமங்கள், நிறுவும் கூலி மூன்றும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். இன்வாய்ஸில் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணும் சர்வரின் வரிசை எண்ணும் சரியாக இருக்க வேண்டும்; 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாமல் போனால் இழப்பு சிறியதன்று. மைக்ரோசாஃப்ட் உரிமம் உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனையாளர் தம் வசதிக்காகத் தம் முகவரியைக் கொடுத்துவிட்டால், பின்னாளில் அவரைத் தேடிக்கொண்டிருக்க நேரும். முழுத் தொகையையும் சர்வர் வந்த அன்றே கொடுக்காமல், ஒரு பகுதியைக் கெஸ்டுகள் ஓடத் தொடங்கி ஒரு வாரம் ஆன பின் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. ஹோஸ்டை நிறுவுதல்

சர்வரை இயக்கியவுடன் திரையில் எதுவும் வராமல் பல நிமிடங்கள் ஆகலாம். மேசைக் கணினியைப் போல அரை நிமிடத்தில் எழுந்துவிடாது. நினைவகத்தையும் கார்டுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே தொடங்கும். அவசரப்பட்டுப் பவர் பொத்தானை அழுத்தாதீர்கள். முதல் இரவு நினைவகச் சோதனையை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பயாஸில் மெய்நிகராக்க வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இன்டெலில் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி.யில் எஸ்.வி.எம். என்று இருக்கும். மின் சிக்கன அமைப்பைச் செயல்திறன் என்று மாற்றுங்கள். ஹோஸ்டுக்கு மாறாத ஐ.பி. முகவரி கொடுங்கள். வலையமைப்பு போர்ட்டுகளில் ஒன்றை ஹோஸ்டின் நிர்வாகத்துக்கென்று ஒதுக்கி, மற்றவற்றைக் கெஸ்டுகளுக்கு விடுங்கள். ஹைப்பர்-வியில் மெய்நிகர் ஸ்விட்சை உருவாக்கும் கணத்தில் ஹோஸ்டின் இணைப்பு ஒருமுறை அறுந்து மீளும், சில வேளைகளில் மீளாது. ஆகவே அந்த வேலையைச் சர்வரின் முன்னால் உட்கார்ந்தே செய்யுங்கள்.

டொமைன் கன்ட்ரோலர் கெஸ்டாக உள்ளே ஓடும்போது, அந்த டொமைனிலேயே ஹோஸ்டைச் சேர்ப்பது பற்றி எச்சரிக்கையாக இருங்கள். கெஸ்ட் எழாத நாளில் ஹோஸ்டுக்குள் நுழைய, அதன் உள்ளூர் நிர்வாகக் கடவுச்சொல் ஒன்று கையில் இருந்தே ஆக வேண்டும். நேரமும் அப்படித்தான்: கெஸ்டுகள் தொடங்கும்போது ஹோஸ்டிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஹோஸ்டின் கடிகாரம் தவறினால், ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் போனவுடன் டொமைன் உள்நுழைவுகள் மறுக்கப்படும். தவறான தேதியில் பில்கள் பதிவாகும். ஹோஸ்டை ஓர் என்.டி.பி. நேர சர்வரோடு இணைத்துவிட்டு, அது உண்மையில் ஒத்திசைகிறதா என்று மறுநாளும் பாருங்கள்.

ஹோஸ்டின் வைரஸ் தடுப்பு, கெஸ்டுகளின் வட்டுக் கோப்புகளைச் சோதனையிடாதபடி விலக்கு கொடுங்கள். பல நூறு ஜி.பி. கோப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு அது சோதித்தால் கெஸ்ட் தொடங்கவே மறுக்கலாம். ஹோஸ்டில் பிரவுசர், அலுவலக மென்பொருள், பிரின்டர் என எதையும் நிறுவாதீர்கள். உரிம நிபந்தனை ஒருபுறம் இருக்க, ஹோஸ்டில் புகும் ஒரு ரான்சம்வேர் எல்லாக் கெஸ்டுகளின் வட்டுகளையும் ஒரே நேரத்தில் பூட்டிவிட முடியும்.

6. நினைவகம், செயலி, வட்டு ஆகியவற்றைப் பங்கிடுதல்

நினைவகத்தில் கடன் வாங்காதீர்கள். செயலியை மிகையாகப் பங்கிட்டால் எல்லாம் மெதுவாகும். நினைவகத்தை மிகையாகப் பங்கிட்டால் ஒரு கெஸ்ட் செத்துப்போகும். லினக்ஸ் ஹோஸ்டில் நினைவகம் தீர்ந்தால், கெர்னல் அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் ப்ராசஸைத் தேடிக் கொல்லும். முன்பே சொன்னபடி கெஸ்ட் ஒரு ப்ராசஸ்தான். அதிகம் பிடித்திருப்பது பெரும்பாலும் கணக்குக் கெஸ்டாகத்தான் இருக்கும். பயனர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது, மின்சாரத்தைப் பிடுங்கியதைப் போல இணைப்பு அறும். கெஸ்டுக்குள் இருக்கும் பதிவுகளிலும் காரணம் இராது. ஹோஸ்டின் பதிவில் நினைவகம் தீர்ந்தது என்ற ஒரு வரியும், கொல்லப்பட்ட ப்ராசஸின் எண்ணும் மட்டும் இருக்கும். இசட்.எஃப்.எஸ். தன் தற்காலிகச் சேமிப்புக்காக நினைவகத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், ப்ராக்ஸ்மாக்ஸில் அதன் வரம்பைப் பாருங்கள். 8.1 பதிப்பிலிருந்து புதிய நிறுவல்களில் அது மொத்த நினைவகத்தில் பத்து விழுக்காடாக, 16 ஜி.பி.க்கு மிகாமல் வைக்கப்படுகிறது. அதற்கு முந்தைய நிறுவல்களில் பாதிவரை எடுக்கும்.

மெய்நிகர்ச் செயலிகளைக் குறைவாகத் தொடங்குங்கள். டொமைன் கன்ட்ரோலருக்கு இரண்டு, கணக்குக்கு நான்கு என்று வைத்து, ஹோஸ்டிலிருந்து அளந்த பின் கூட்டலாம். எல்லாக் கெஸ்டுகளுக்கும் எட்டு எட்டு என்று வாரிக் கொடுத்தால், கோருக்காகக் காத்திருக்கும் நேரமே கூடும்.

வட்டில் தின் எனப்படும் முறை, கெஸ்டுக்கு 500 ஜி.பி. என்று காட்டிவிட்டு, எழுத எழுத மட்டுமே உண்மையான இடத்தை எடுக்கும். வசதியானதுதான், ஆனால் எல்லாக் கெஸ்டுகளுக்கும் வாக்களித்த மொத்தம் உண்மையான வட்டைவிடக் கூடிவிட்டால், ஒருநாள் ஹோஸ்டின் வட்டு நிரம்பும். அப்போது கெஸ்டுக்குள் 200 ஜி.பி. காலி என்று காட்டும், கெஸ்டோ நின்றுபோயிருக்கும். ஹோஸ்டின் காலி இடம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே போனால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி அமைத்துவிடுங்கள்.

7. பழையவற்றை உள்ளே கொண்டுவருதல்

முடிந்தவரை புதிய கெஸ்டில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, தரவை மட்டும் மாற்றுங்கள். அப்படியே எடுத்தாக வேண்டிய இயந்திரத்துக்கு டிஸ்க்2விஎச்டி என்ற இலவசக் கருவி உதவும். ப்ராக்ஸ்மாக்ஸில் வின்டோஸை நிறுவும்போது வட்டே இல்லை என்று திரை காட்டினால் அஞ்ச வேண்டாம். விர்ட்டியோ டிரைவர்கள் அடங்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை இரண்டாவது சி.டி.யாக இணைத்து, டிரைவரை ஏற்று என்ற பொத்தானை அழுத்தினால் வட்டு தோன்றும்.

நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வழியாக 500 ஜி.பி.யை நகலெடுக்க எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றே கால் மணிநேரம் ஆகும். அலமாரிக்குப் பின்னால் மறந்துபோன பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் இடையில் இருந்தால் அதே வேலைக்குப் பன்னிரண்டு மணிநேரம். சனிக்கிழமை மாலை தொடங்குவதற்கு முன் இதைச் சோதித்துவிடுங்கள். ஒரு வார இறுதிக்கு ஓர் இயந்திரம் மட்டும் மாற்றுங்கள். முதலில் வருகைப் பதிவு, கடைசியில் கணக்கு. பழைய இயந்திரத்தை அணைத்து, கேபிளைக் கழற்றி, ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். நகல் இயங்கும்போது பழையதையும் வலையமைப்பில் இயக்கிவிட்டால் ஒரே முகவரியில் இருவர் என்று ஆகிவிடும்.

8. மின்தடையும் வெயிலும்

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மின்சாரத்தை நிறுத்துவதாக முன்கூட்டியே அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் பார்த்துச் சர்வரை நிறுத்துவது உங்கள் பொறுப்பு. அறிவிக்காமல் போகும் மின்சாரத்துக்கு யூ.பி.எஸ். இருக்கிறது, ஆனால் யூ.பி.எஸ்.ஸிலிருந்து ஹோஸ்டுக்கு ஒரு தகவல் கேபிளும், அதைப் படிக்கும் மென்பொருளும் இல்லையென்றால், பேட்டரி தீர்ந்தவுடன் எல்லாக் கெஸ்டுகளும் ஒரே கணத்தில் விழும்.

ஹோஸ்ட் நிற்கும்போது கெஸ்டுகளை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கெஸ்டுக்குக் கெஸ்ட் அமைக்கலாம். ஹைப்பர்-வியில் இயல்பாக இருப்பது நிலையைச் சேமித்தல். அதற்கு நினைவக அளவுக்கு வட்டில் இடமும் எழுத நேரமும் வேண்டும். முறையாக நிறுத்து என்று மாற்றுவதையே நான் விரும்புகிறேன். ப்ராக்ஸ்மாக்ஸ் ஒரு கெஸ்ட் நிற்பதற்கு இயல்பாக 180 விநாடிகள் காத்திருந்துவிட்டு வலிந்து நிறுத்திவிடும். அந்த நேரத்தில் வின்டோஸ் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தால் கெஸ்ட் சிதையலாம். கணக்குக் கெஸ்டுக்கு இந்த நேரத்தைக் கூட்டிவையுங்கள். எல்லாக் கெஸ்டுகளும் ஹோஸ்டும் நிற்க மொத்தம் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை வைத்து அளந்து, யூ.பி.எஸ். அதைப்போல இரு மடங்கு தாங்குமாறு வாங்குங்கள். எழும்போது டொமைன் கன்ட்ரோலர் முதலில், சில நிமிடங்கள் கழித்துக் கோப்பு, அதற்கும் பின் கணக்கு என்று தாமதங்களை அமைத்துவிடுங்கள்.

பெரும்பாலான சர்வர்கள் அறை வெப்பம் 35 டிகிரிவரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கத்திரி வெயிலில் நம்மூர் 40ஐத் தாண்டும். மூடிய அறை அதைவிடச் சூடாகும். யூ.பி.எஸ். சர்வரைத்தான் ஓட்டும், ஏசியை ஓட்டாது. ஆகவே மின்சாரம் போன பின் ஜெனரேட்டர் ஏசியையும் தாங்குமா என்று பாருங்கள். தாங்காதென்றால், அறை வெப்பம் ஒரு வரம்பைத் தொட்டவுடன் ஹோஸ்ட் கெஸ்டுகளை நிறுத்திவிடும்படி அமைப்பதே பாதுகாப்பு.

9. பேக்கப்

ஒரு கெஸ்டின் அந்த நேர நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகாது. அது அதே வட்டில், அதே ஹோஸ்டில் இருக்கிறது. வட்டு போனால் அதுவும் போகும். ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் எடுத்து, எல்லாம் சரி என்று தெரிந்தவுடன் நீக்கிவிட வேண்டும். மாதக்கணக்கில் விட்டுவைத்த ஸ்நாப்ஷாட் வளர்ந்து வளர்ந்து வட்டை நிரப்பும். அதை நீக்கி ஒன்றுசேர்க்கவே பல மணிநேரம் பிடிக்கும்.

கெஸ்டுகளை முழுமையாக ஹோஸ்டிலிருந்து தினமும் இரவு இன்னொரு கருவிக்கு எடுங்கள். கணக்குத் தரவை மட்டும் கெஸ்டுக்குள்ளிருந்தும் தனியாக எடுங்கள். வாரம் ஒரு நகல் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். பேக்கப் வைக்கும் கருவியின் கடவுச்சொல்லும் ஹோஸ்டின் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு கெஸ்டை வேறு பெயரில், வலையமைப்போடு இணைக்காமல் மீட்டெடுத்து, கணக்கரை அழைத்து நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸ்டின் அமைப்புகளையும் நகலெடுக்க மறக்காதீர்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் கெஸ்டுகளின் வரையறைகளும் வலையமைப்பு அமைப்பும் சில சிறு கோப்புகள்தான்.

10. மாதாந்திரப் பராமரிப்பும் கோப்புறையும்

மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்புகள் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகின்றன. ஹோஸ்டை அன்றே புதுப்பிக்காமல், ஒரு வாரம் பொறுத்து, அடுத்துவரும் ஞாயிறு காலையில் செய்யுங்கள். ஹோஸ்டை மறுதொடக்கம் செய்தால் எல்லாக் கெஸ்டுகளும் நிற்கும் என்பதால், ஒரு மணிநேரம் யாருக்கும் சர்வர் கிடைக்காது என்று வெள்ளிக்கிழமையே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். புதுப்பிக்கும் முன் அன்றைய பேக்கப் முடிந்ததா என்று பாருங்கள். தானாக மறுதொடக்கம் ஆகும் அமைப்பு ஹோஸ்டில் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இறுதியாக, ஒரு காகிதக் கோப்புறை போடுங்கள். ஹோஸ்டின் முகவரி, தொலைநிர்வாக முகவரி, உள்ளூர் நிர்வாகக் கடவுச்சொல், கெஸ்டுகளின் பட்டியலும் அவற்றின் பங்கீடும், நிறுத்தும் வரிசை, தொடங்கும் வரிசை, இன்வாய்ஸ், உத்தரவாதச் சான்று, உரிமச் சான்றுகள், சேவைக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவை அதில் இருக்கட்டும். இவற்றைச் சர்வரில் உள்ள கோப்பில் மட்டும் வைத்திருந்தால், தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாது. கடவுச்சொல் தாளை ஒட்டிய உறையில் போட்டு மேலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் உறையையும் மாற்றுங்கள்.